கடும் ஒவ்வாமையும் மருத்துவப் பயிற்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். மணம் கமழும் அவ்வுரைகளுக்கு நடுவே ஊசி மருந்தின் நெடி வீசும் உரையொன்றை நிகழ்த்த யாம் வந்துள்ளோம். யாம் மருத்துவர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் ஏடு எழுதும் எழுத்தர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்கள். முதலுதவிப் பயிற்சி பெற்ற நாள்தொட்டு இத்துறை நூல்களைத் தேடிப் படித்தும், அறிந்த மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதையே ஈண்டுச் சொல்கின்றோம். மருத்துவர்க்குப் பயிற்சி வேண்டும் என்று ஓர் எழுத்தர் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். வண்டியை ஓட்டத் தெரியாதவனுக்கும், ஓட்டுபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டன்றோ?

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்பன அவை. யாம் இன்று பேசவிருக்கும் நோயில் மூன்றாவது கூறாகிய மருந்து பெரும்பாலும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. விலையும் மிகக் குறைவு. இரண்டாம் கூறும் நான்காம் கூறும் அதை உரிய நேரத்தில் எடுக்காமையால்தான் உயிர் போகிறது.

அந்நோய்தான் கடும் ஒவ்வாமை. 'அனபிலாக்ஸிஸ்' என்பது மருத்துவ நூல்களில் அதன் பெயர்.

ஒவ்வாமை நமக்குப் புதிதன்று. கத்தரிக்காய், கருவாடு, சிலவகை மீன் ஆகியவற்றைக் 'கரப்பான் பண்டம்' என்று நம் பாட்டிமார் ஒதுக்கி வைத்தனர். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் கத்தரிக்காய் ஒவ்வாமையை ஆராய்ந்து 2008-இல் கட்டுரையே வெளியிட்டனர் என்றால், பாட்டிமார் சொல்லை முழுதும் தள்ளிவிட முடியாது. உடம்பெங்கும் திடீரெனத் தடித்துச் சிவந்து அரிப்பதைக் 'காணாக்கடி' என்றனர். அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதே காணாக்கடியோடு மூச்சுத் திணறலோ, மயக்கமோ, ஓயாத வாந்தியோ சேர்ந்தால் அது வேறு நோய். இந்த வேறுபாட்டை அறிவதே பயிற்சியின் முதற்பாடம்.

இந்நோய் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1901-இல் மொனாக்கோ நாட்டு அரசர் முதலாம் ஆல்பர்ட், கடலாராய்ச்சிக்கெனத் தம் கப்பலில் சார்ல்ஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்களை அழைத்துச் சென்றார். கடலில் மிதக்கும் சொறி உயிர் ஒன்றின் நஞ்சை அவர்கள் அங்கே ஆராய்ந்தனர். பாரிசுக்குத் திரும்பிய பின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினர். சிறிது சிறிதாகக் கொடுத்தால் உடல் பழகி நஞ்சைத் தாங்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நல்ல நாய் ஒன்று முதல் ஊசியை எளிதில் தாங்கியது. 22 நாள் கழித்து மறுபடியும் செலுத்தினர். சில வினாடிகளில் அது மூச்சிரைத்து விழுந்து, 25 நிமிடத்தில் இறந்தது. பழகும் என்று நினைத்த உடல் பகை கொண்டிருந்தது. காப்புக்கு மாறானது என்னும் பொருள்பட இதற்குக் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டு 1902-இல் அறிவித்தனர். நம் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் அதே 1902-இல்தான். ரிஷேவுக்கு 1913-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜப்பானியராகிய ஜோக்கிச்சி தக்காமினே அமெரிக்காவில் இருந்துகொண்டு, விலங்குகளின் சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலினைத் தூய பளிங்காகப் பிரித்து 1901-இல் வெளியிட்டார். ஆக, நோய்க்குப் பெயரும் அதன் மருந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உலகுக்குக் கிடைத்தன. நூறாண்டுக்கு மேலாகியும் இரண்டையும் உரிய நேரத்தில் சேர்த்துவைக்க நாம் தடுமாறுகிறோம்.

உடலுக்குள் நடப்பது இது. ஒரு பொருளை ஒருமுறை கண்டு பகையென்று குறித்துக்கொண்ட உடல், அதற்கென ஒருவகை எதிர்ப்புப் பொருளை உண்டாக்கித் தோல், நுரையீரல், குடல், குருதிக்குழாய் இவற்றின் அருகேயுள்ள சில உயிரணுக்களின்மேல் காவல் வைக்கிறது. அப்பொருள் மீண்டும் வந்ததும் அவ்வணுக்கள் வெடித்ததுபோல் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. குருதிக்குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, அழுத்தம் விழுகிறது. மூச்சுக்குழல் சுருங்குகிறது. நாவும் தொண்டையும் வீங்குகின்றன. பெனிசிலின் போன்ற மருந்து, வலி மாத்திரை, குளவி அல்லது தேனீயின் கொடுக்கு, நிலக்கடலை, இறால், பால், முட்டை இவற்றுள் எதுவும் காரணமாகலாம். சில பொருள்கள் முதல் முறையிலேயே, முன்பகை ஏதுமின்றி, இவ்வணுக்களைத் தூண்டிவிடுவதும் உண்டு.

அறிகுறிகளைத் தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டும். உள்ளங்கை அரிப்பு, உடல் தடிப்பு, உதடு கண்ணிமை வீக்கம், குரல் கம்மல், நெஞ்சில் சீழ்க்கை ஒலி, வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, தலைச்சுற்றல். 'எனக்கு என்னவோ செய்கிறது, நான் பிழைக்கமாட்டேன்' என்று நோயாளி சொல்வதும் ஓர் அறிகுறியே. அதை வெறும் பயம் என்று தள்ளலாகாது. பத்தில் ஒருவர் இருவரிடம் தோலில் ஒன்றுமே தோன்றாமல் நேராக மயக்கம் வரும். தடிப்பு இல்லையே என்று காத்திருந்த மருத்துவர் ஏமாந்துபோகும் இடம் இது.

காலம் எவ்வளவு? இங்கிலாந்தில் இந்நோயால் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்த ரிச்சர்ட் பம்ப்ரி என்னும் அறிஞர் 2000-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். இதயம் நின்றுபோக ஆன நேரத்தில் நடுநிலை அளவு, உணவால் வந்ததில் 30 நிமிடம், கொடுக்கால் வந்ததில் 15 நிமிடம், மருத்துவர் கொடுத்த மருந்தால் வந்ததில் 5 நிமிடம். ஐந்து நிமிடம் என்பது, நம் மாரிக்குப்பம் வண்டி ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் போகும் நேரம். அதற்குள் வேலூருக்கோ பெங்களூருக்கோ எவரையும் கொண்டுபோக இயலாது. ஆகவே நோயாளி எந்த அறையில் விழுகிறாரோ அந்த அறையிலேயே மருத்துவம் தொடங்கியாக வேண்டும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஊரும் பெயரும் வேண்டா. நம்மவருள் ஓர் இளைஞர். முப்பது வயது நிரம்பாதவர். விடியற்காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர். அவருக்கு மாதந்தோறும் சீசன் டிக்கெட் வழங்கியவர்கள் யாம். காய்ச்சலென்று ஒரு சிறு மருத்துவ நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டார். வாயிற்படி தாண்டுமுன் அரிக்கிறது என்றார். பின்பு மூச்சு முட்டுகிறது என்றார். அங்கிருந்தோர் கைகட்டி நிற்கவில்லை. அவில் ஊசி போட்டனர், டெக்கட்ரான் போட்டனர், குளுக்கோஸ் ஏற்றினர். பின்னர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆட்டோவில் உட்காரவைத்து அனுப்பினர். பாதி வழியில் தலை சாய்ந்தது. அட்ரினலின் குப்பி அந்த அறையின் அலமாரியிலேயே இருந்தது என்பது பின்னால் தெரிந்தது. உறை பிரிக்கப்படவில்லை. அடுத்த மாதச் சீட்டுக்கு அவர் வரவில்லை.

யாம் யாரையும் குற்றக் கூண்டில் ஏற்ற வரவில்லை. அவ்வறையில் செய்யப்பட்டவை யாவும் மருந்துகளே. ஆனால் வரிசை தவறிய மருந்துகள். அவில் அரிப்பைத் தணிக்கும். விழுந்த அழுத்தத்தைத் தூக்காது, அடைத்த தொண்டையைத் திறவாது. டெக்கட்ரான் போன்றவை வேலை செய்யப் பல மணி நேரமாகும். தளர்ந்த குழாயை இறுக்கி, சுருங்கிய மூச்சுக்குழலை விரித்து, அணுக்கள் மேலும் கொட்டாமல் தடுத்து, இதயத்துக்கும் வலுவூட்டும் மருந்து அட்ரினலின் ஒன்றே. அது முதலில்; மற்றவை பிறகு.

எங்கே போடுவது என்பதும் முக்கியம். தொடையின் நடுவில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். கானடா நாட்டு மருத்துவர் எஸ்டெல் சைமன்ஸும் அவர் குழுவினரும் 1998-இல் சிறுவர்களிடம் செய்த ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் குருதியில் உச்சத்தை எட்டியது; தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம் எடுத்துக்கொண்டது. ஆயிரத்தில் ஒன்று என்று குறித்த குப்பியின் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் மருந்து உண்டு. பெரியவர்க்கு அதில் அரை மில்லி. குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடலாம். இவ்வளவுதான் கணக்கு, எம் அலுவலகத்துக் கட்டணப் பட்டியலைவிட எளிது. ஆயினும் நெருக்கடியில் நினைவுக்கு வர வேண்டுமானால் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். நரம்பு வழியாகச் செலுத்துவது தேர்ந்தோர் வேலை, மற்றவர் தொடக்கூடாது.

நோயாளியை எப்படி வைப்பது என்பதிலும் உயிர் இருக்கிறது. முன்சொன்ன பம்ப்ரி அவர்களே 2003-இல் மற்றோர் உண்மையை எடுத்துக் காட்டினார். படுத்திருந்தவரை எழுப்பி உட்காரவைத்த அல்லது நிறுத்திய சில நொடிகளில் மரணம் நேர்ந்த நிகழ்ச்சிகள் பல. இதயத்துக்குத் திரும்பும் குருதி அப்போது அற்றுப்போகிறது. ஆகவே படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறல் மிகுந்தவர் காலை நீட்டிச் சாய்ந்து அமரலாம். கருவுற்ற பெண்ணை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஆட்டோவில் நிமிர்த்தி உட்காரவைத்து ஓடுவதைவிட, 108 வண்டியை அழைத்துவிட்டுப் படுத்த நிலையில் காப்பது மேல். தேறியபின்னும் சில மணி நேரம் மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்; அடங்கிய நோய் இரண்டாம் முறை எழுவதுண்டு.

இனி, மருத்துவர் ஏன் தயங்குகிறார்? அட்ரினலின் இதயத்தை ஓடவைக்கும், ஏதேனும் ஆகிவிட்டால் பழி வரும் என்ற அச்சமே காரணம். தசையில் போடும் இச்சிறு அளவு, கடும் ஒவ்வாமையில் தீங்கு செய்வது மிக அரிது. இந்நோயில் இம்மருந்துக்கு முழுத்தடை என்று ஏதுமில்லை. ஏட்டில் இதைப் படிக்காத மருத்துவர் இரார். ஆனால் படித்ததற்கும் கை தானாக அலமாரிக்குப் போவதற்கும் நடுவே பெரும் பள்ளம் இருக்கிறது.

அந்தப் பள்ளத்தில் பாம்பு கடித்தோரும் விழுகின்றனர். நம் சயனைடு மேடுகளின் ஓரமும் சுற்றியுள்ள கேழ்வரகுக் காடுகளும் பாம்புக்குக் குறைவில்லாதவை. கடிக்கு மருந்து நஞ்சுமுறி ஊசி. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பெற்ற இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துத் தருகின்றனர். அதைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, குதிரையின் குருதியிலிருந்து முறிமருந்து செய்கின்றனர். குதிரைப் பொருள் ஆதலின் சிலர் உடல் அதனைக் கடுமையாக எதிர்க்கும். இதற்கு அஞ்சியே சிற்றூர் மருத்துவர் சிலர் நஞ்சுமுறி கையிலிருந்தும் போடாமல், 'பெரிய இடத்துக்குப் போங்கள்' என்று அனுப்புகின்றனர். நஞ்சு வழியிலேயே தன் வேலையை முடிக்கிறது. பாருங்கள், ஒவ்வாமையைக் கையாளத் தெரியாமை ஒவ்வாமையால் மட்டும் கொல்வதில்லை. பாம்பின் பெயராலும் கொல்கிறது.

இதில் ஈழத்து அறிஞர்கள் செய்த பணி பெரிது. இலங்கை மருத்துவமனைகளில் பாம்பு கடித்த 1007 பேரிடம் முறையாக ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். நஞ்சுமுறிக்கு முன்னரே மிகச் சிறிதளவு, அதாவது 0.25 மில்லிகிராம், அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டவர்களிடம் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்விளைவு 43 விழுக்காடு குறைந்தது. மருத்துவர்கள் வழக்கமாக நம்பிவந்த மற்ற இரு மருந்துகளும், அதாவது புரொமெத்தசினும் ஹைட்ரோகார்ட்டிசோனும், அவ்வாறு காக்கவில்லை. நஞ்சுமுறிக்குச் சோதனை ஊசி போட்டுப் பார்க்கும் பழைய வழக்கமும் பயனற்றதென்று நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுப் பாம்புக்கடி நெறிமுறை விலக்கிவிட்டது.

பயிற்சி என்றால் என்ன என்பதற்கு வேறெங்கும் போக வேண்டா. நம் ஊரே சான்று. பாறை வெடிப்பு என்பது சுரங்கத்தில் நாள்தோறும் நடப்பதன்று. ஆயினும் மீட்புப் படையினர் முகமூடி அணிந்து பயின்றபடியே இருந்தனர். 'நடக்காத நாளில் பழகியவனே நடந்த நாளில் இறங்குவான்' என்று எம் தந்தையார் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரயில்வேயிலும் அவ்வாறே. வண்டியோட்டிக்கும் நிலைய அதிகாரிக்கும் சில ஆண்டுகளுக்கொருமுறை மறுபயிற்சி உண்டு. விபத்து மீட்பு ஒத்திகையும் நடக்கும். ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் கடும் ஒவ்வாமையைச் சிலமுறையே காண்பார். அரிதாக வருவது என்பதனாலேயே அடிக்கடி ஒத்திகை வேண்டும். பொம்மையைப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்து, குப்பியை உடைத்து, அளவைச் சொல்லி, ஊசியைத் தொடையில் வைக்கும்வரை செய்து பார்க்க வேண்டும். 2019 முதல் மருத்துவக் கல்லூரிகளில் வந்துள்ள புதிய பாடமுறை இத்தகைய செய்திறன் கூடங்களை வற்புறுத்துகிறது, வரவேற்போம். ஆனால் அதற்கு முன்பே படித்து முடித்து, ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பங்காருப்பேட்டையிலும் நாள்தோறும் நம்மைப் பார்க்கும் மருத்துவர்க்கு யார் ஒத்திகை நடத்துவது?

நடத்த முடியும் என்பதற்குக் கொரோனாக் காலமே சான்று. 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி தொடங்கியபோது ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வாமைப் பெட்டி வைத்தனர். ஊசி போட்டவரை அரைமணி நேரம் அமரவைத்தனர். அந்த அரைமணி நேரத்தை நம்முள் பலர் வீண் என்று முணுமுணுத்தோம். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தடுப்பூசிக்குப்பின் கடும் ஒவ்வாமையால் 68 வயதுப் பெரியவர் ஒருவர் இறந்ததை அரசுக் குழுவே ஆராய்ந்து ஒப்புக்கொண்டது. தடுப்பூசி போடும் துணைச் செவிலியர் முதல் அட்ரினலின் ஊசியைத் தாமே போட்டு மருத்துவரிடம் அனுப்பலாம் என்று மத்திய சுகாதாரத் துறை இசைவளித்துள்ளது. கோடிக்கணக்கானோர்க்கு இவ்வாறு செய்ய முடிந்த நாட்டில், காய்ச்சலுக்கு ஊசி போடும் சிறு அறையில் செய்ய முடியாதா?

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. 'மாத்திரை வேண்டா, ஊசியே போடுங்கள்' என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். மாத்திரை போதுமான இடத்தில் ஊசி எதற்கு? போட்டுக்கொள்ள நேர்ந்தால் வண்டிக்கு நேரமாகிறதென்று ஓடாமல் அரைமணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். முன்பு எந்த மருந்து ஒவ்வவில்லை என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைக்க வேண்டும். அதே வேளை, சிறுவயதில் ஒரு தடிப்பு வந்ததென்று பெனிசிலினே ஆகாது என முத்திரை குத்தப்பட்டோரை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஒவ்வாமை இல்லை என்றே தெரிகிறது. ஆகவே முத்திரையையும் மருத்துவரிடம் காட்டித் தெளிவு பெறுவது நலம்.

சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபின் நமக்கென்று இருந்த பெரிய மருத்துவ வசதியும் சுருங்கிவிட்டது. மிகுந்திருப்பவை சிறு மருத்துவ நிலையங்களே. ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோளை எழுத்தில் தந்துள்ளோம். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மண்டபத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவரை அழைத்து, வட்டாரத்து மருத்துவர், செவிலியர், மருந்துக்கடையினர், பள்ளி ஆசிரியர், இரயில் நிலையப் பணியாளர் அனைவர்க்கும் ஒத்திகை நடத்த வேண்டும். அளவும் இடமும் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையை ஒவ்வொரு மருத்துவ நிலையத்துக்கும் சங்கச் செலவில் கொடுக்க வேண்டும். குப்பியின் காலவரம்பு கடந்ததா, மருந்து பழுப்பேறியதா என்று ஆறு மாதத்துக்கொருமுறை பார்க்கும்படி அந்த அட்டையிலேயே எழுதலாம்.

கல்லூரியிலிருந்து வருவோர்க்குக் காட்பாடியிலிருந்து வண்டி நேரம் குறித்துக்கொடுப்பதும், பங்காருப்பேட்டையில் எதிர்கொண்டு அழைத்து வருவதும் எம் பொறுப்பு. ஒத்திகையில் நோயாளியாகப் படுப்பதற்கு ஆள் தேவைப்படும். விருப்பமுள்ளோர் மேடைக்கு இடப்புறம் அமர்ந்துள்ள செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதற்பெயராக எம் பெயரை முன்னமே எழுதிவிட்டோம்.